தண்ணீர் இல்லாமல் எப்படி டீச்சர் பறக்கும்?

சென்ற ஆண்டு அக்டோபரில் ஒரு நாள், சமூக அறிவியல் ஆசிரியர் பயிற்சிக்குச் சென்றிருந்தார். எட்டாம் வகுப்பில் அவருடைய பாடவேளைக்கு நான் போனேன். நான் அறிவியல் ஆசிரியர். வகுப்பறையில் ஆப்பிரிக்க வரைபடம் மாட்டியிருந்தது. சன்னலுக்கு வெளியே மின்கம்பியில் தகைவிலான் குருவிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஆண்டுதோறும் மழைக்காலத்தை ஒட்டி எங்கள் ஊருக்கு வரும் விருந்தாளிகள் அவை. இரண்டையும் இணைத்துப் பேசலாமே என்று தோன்றியது.

“இந்தக் குருவிகள் வடக்கேயிருந்து வருகின்றன. இதே இனம் ஐரோப்பாவிலும் உண்டு. அங்கே குளிர் தொடங்குவதற்கு முன் அவை ஆப்பிரிக்காவின் தென்பகுதி வரை போகும். நடுவில் இதைத் தாண்ட வேண்டும்” என்று குச்சியால் சகாராவைக் காட்டினேன்.

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். வகுப்பில் அதிகம் பேசாதவள். “அங்கே தண்ணியே இல்லையே டீச்சர். எப்படிப் பறக்கும்?”

நான் சற்றும் யோசிக்காமல் பதில் சொன்னேன். “ஒட்டகம் திமிலில் தண்ணீர் வைத்திருப்பதுபோல இதுவும் உடம்பில் தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளும். அப்புறம் எங்கேயும் நிற்காமல் ஒரே மூச்சில் கடந்துவிடும்.” மணி அடித்தது. வகுப்பு முடிந்தது.

அடுத்த வாரம் சுவர் இதழில் அந்தப் பதில் இருந்தது. ‘உங்களுக்குத் தெரியுமா?’ என்ற தலைப்பு, ஒட்டகமும் குருவியும் வரைந்த படம், கீழே என் இரண்டு வாக்கியங்கள், சிறிதும் மாறாமல். அந்த மாணவி முதன்முதலாகச் சுவர் இதழுக்கு எழுதியது அதுதான். அதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஒட்டகத்தின் திமிலில் இருப்பது தண்ணீர் அல்ல, கொழுப்பு. அறிவியல் ஆசிரியரான எனக்குத் தெரிந்த செய்திதான். அவசரத்தில் தவறிவிட்டேன். முதல் வாக்கியமே இப்படியென்றால் இரண்டாவது வாக்கியம் மட்டும் சரியாக இருக்குமா? தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எவ்வளவு பெரிய தடை?

சகாரா ஏறத்தாழ 90 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. இந்தியாவைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். வடக்கிலிருந்து தெற்காகக் கடக்க 1,500 முதல் 2,000 கிலோமீட்டர் வரை பறக்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்து வரும் பறவைகளில் பல அதற்கு முன்பே மத்தியதரைக் கடலையும் தாண்டியிருக்கும்.

ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் ஐரோப்பாவிலிருந்து சகாராவுக்குத் தெற்கே செல்லும் சிறு பறவைகள் ஏறத்தாழ 200 கோடி என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை கதிர்குருவிகள், ஈப்பிடிப்பான்கள், தகைவிலான்கள் போன்ற பாடும் பறவை இனங்கள். தோட்டக் கதிர்குருவியின் சாதாரண எடை 16 முதல் 18 கிராம். கருப்பு வெள்ளை ஈப்பிடிப்பான் ஏறத்தாழ 12 கிராம். ஒரு பத்து ரூபாய் நாணயம் 8 கிராமுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு நாணயங்களின் எடைகூட இல்லாத ஒரு பறவை சகாராவைக் கடக்கிறது என்று சொல்லுங்கள், வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

எரிபொருளே தண்ணீரும்

பயணத்துக்கு முன்பு சில வாரங்கள் இந்தப் பறவைகள் ஓயாமல் தின்கின்றன. பூச்சிகளைத் தின்று வாழும் தோட்டக் கதிர்குருவி அந்தக் காலத்தில் அத்திப்பழத்துக்கும் சிறு கனிகளுக்கும் மாறிவிடும். சகாராவின் விளிம்பை அடையும்போது அதன் எடை 30 கிராம் வரைகூட எட்டும். கூடிய எடையில் பெரும்பகுதி கொழுப்பு.

ஏன் கொழுப்பு? ஒரு கிராம் கொழுப்பு எரிந்தால் சுமார் 9 கிலோகலோரி ஆற்றல் கிடைக்கும். ஒரு கிராம் கார்போஹைட்ரேட் தருவது 4 மட்டுமே. அதோடு, உடல் கார்போஹைட்ரேட்டைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கும்போது அதன் எடையைப் போல் மூன்று மடங்குத் தண்ணீரையும் சேர்த்தே சுமக்க வேண்டும். கொழுப்புக்கு அந்தச் சுமை இல்லை. பறக்கும் உயிருக்கு ஒவ்வொரு கிராமும் கணக்கு.

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது? விடை நாம் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதிய செல் சுவாசச் சமன்பாட்டிலேயே இருக்கிறது. குளுக்கோஸும் ஆக்சிஜனும் சேர்ந்தால் கார்பன் டைஆக்சைடும் நீரும் ஆற்றலும் கிடைக்கும் என்று எழுதுகிறோம். ஆற்றலை மட்டும் வட்டமிட்டுக் காட்டுகிறோம். பக்கத்தில் இருக்கும் நீரைக் கண்டுகொள்வதில்லை. ஒரு கிராம் குளுக்கோஸ் எரிந்தால் 0.6 கிராம் நீர் உண்டாகும். ஒரு கிராம் கொழுப்பு எரிந்தால் ஒரு கிராமுக்குச் சற்று அதிகமாகவே நீர் உண்டாகும். கொழுப்பு எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் அதன் ஹைட்ரஜனோடு சேர்வதுதான் காரணம். ஆகவே பறவை தண்ணீரைச் சுமந்து செல்வதில்லை. பறக்கப் பறக்கத் தண்ணீரை உண்டாக்கிக்கொள்கிறது.

ஆனால் வறண்ட காற்றில் மூச்சு வழியாக நீர் வெளியேறிக்கொண்டே இருக்குமே, கொழுப்பிலிருந்து வரும் நீர் போதுமா? எப்போதும் போதாது. கனடாவில் ஒரு காற்றுச் சுரங்கத்தில் பாடும் பறவைகளைப் பறக்கவிட்டு ஆராய்ந்தார்கள். முடிவு 2011இல் சயன்ஸ் இதழில் வெளிவந்தது. காற்று வறண்டிருந்தபோது பறவைகள் கொழுப்போடு தம் உடலின் புரதத்தையும் கூடுதலாகக் கரைத்தன. தசைகளும் உள்ளுறுப்புகளும் பெரும்பாலும் நீரால் ஆனவை. அவற்றைக் கரைக்கும்போது, அதே அளவு ஆற்றலுக்குக் கொழுப்பு தருவதைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு நீர் கிடைக்கிறது.

பாலைவனத்தைத் தாண்டிவரும் தோட்டக் கதிர்குருவியின் இரைப்பையும் குடலும் சுருங்கிப் போயிருக்கும். கரை சேர்ந்தவுடன் வயிறு நிறையத் தின்ன முடியாது. சில நாட்களில் அந்த உறுப்புகள் மீண்டும் வளர்ந்த பிறகே உடல் எடை ஏறும். தண்ணீருக்காகத் தன் குடலையே செலவழிக்கிறது அந்தப் பறவை. நான் சொன்ன ஒட்டகக் கதை இதற்குப் பக்கத்தில்கூட வராது.

நிற்காமல் பறக்கிறதா?

என் இரண்டாவது வாக்கியம், “எங்கேயும் நிற்காமல் ஒரே மூச்சில்.” இது நான் மட்டும் சொன்னதல்ல. ரெஜினால்ட் மோரோ என்ற பிரித்தானியப் பறவையியலாளர் 1961இல் இதே கருத்தை முன்வைத்தார். சகாராவின் நடுவே உணவோ நீரோ இல்லை, இறங்கிப் பயனில்லை, ஆகவே 30, 40 மணி நேரம் தொடர்ந்து பறந்தே கடக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். நியாயமான வாதம்தான். நீண்ட காலம் பலரும் ஏற்றுக்கொண்டார்கள்.

1980களில் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்பர்ட் பீபாக் முதலான ஆய்வாளர்கள் எகிப்தின் பாலைவனத்தில் பகல் வேளையில் பறவைகளைத் தேடினார்கள். பாறை நிழலிலும் புதர் நிழலிலும் சிறு பறவைகள் அசையாமல் உட்கார்ந்திருந்தன. களைத்து விழுந்த பறவைகள் என்றுதான் நாம் நினைப்போம். பிடித்து எடை பார்த்தபோது அவற்றில் பலவற்றின் உடலில் போதுமான கொழுப்பு இருந்தது. அவை விழவில்லை, ஓய்வெடுத்தன. பகல் வெப்பத்தில் அசையாமல் இருந்து நீரை மிச்சப்படுத்தி, இருட்டியதும் கிளம்பிவிடும். பாலைவனச் சோலைகளில் சில நாட்கள் தங்கி இரை தேடியவை பெரும்பாலும் கொழுப்புக் குறைந்த பறவைகளே.

பிறகு ஸ்விட்சர்லாந்தின் செம்பாக் பறவையியல் நிலையத்தைச் சேர்ந்தவர்கள் மௌரிடானியாவில் ரேடார் கருவிகளை நிறுவி, மேலே பறந்துசெல்லும் பறவைகளைக் கணக்கெடுத்தார்கள். பறவைகள் நிற்காமல் பறந்தால் பகலிலும் இரவிலும் ரேடாரில் தெரிய வேண்டும் அல்லவா? பெரும்பாலான சிறு பறவைகள் இரவில் மட்டுமே தெரிந்தன. விடிந்ததும் வானம் ஏறக்குறைய காலியானது. ‘நிற்காமல் பறத்தல்’ என்ற கருத்தை மறுத்து 2007இல் கட்டுரை வெளியிட்டார்கள். ஆக, என் இரண்டாவது வாக்கியமும் தவறு என்று முடிவுசெய்தேன்.

கதை அதோடு முடியவில்லை. நெதர்லாந்தில் கருப்பு வெள்ளை ஈப்பிடிப்பான்களின் முதுகில் சிறு கருவிகளைப் பொருத்தி அனுப்பினார்கள். 2016இல் வெளிவந்த முடிவின்படி, அவற்றுள் பல 40 முதல் 60 மணி நேரம் இரவும் பகலும் நிற்காமல் பறந்து சகாராவைக் கடந்திருந்தன. ஆக, மோரோ முழுவதும் தவறு என்றும் சொல்ல முடியாது. இனத்துக்கு இனம், பறவைக்குப் பறவை, உடலில் உள்ள கொழுப்பையும் வீசும் காற்றையும் பொறுத்து வழிமுறை மாறுகிறது.

பகலில் பறந்தால் வெப்பம்?

2021இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. பெரிய நாணல் கதிர்குருவிகளின் முதுகில் காற்றழுத்தத்தையும் அசைவையும் பதிவுசெய்யும் கருவிகளைக் கட்டினார்கள். காற்றழுத்தம் தெரிந்தால் உயரம் தெரியும். இரவில் அவை சராசரியாக 2,400 மீட்டர் அளவில் பறந்தன. நம் தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். விடிந்த பிறகும் பயணத்தைத் தொடர்ந்தபோது, அவை சராசரியாக 5,400 மீட்டர் உயரத்துக்கு ஏறிவிட்டன. ஒரு பறவை 6,267 மீட்டரை எட்டியது. அந்த உயரத்தில் காற்றில் கிடைக்கும் ஆக்சிஜன் தரைமட்டத்தில் உள்ளதில் பாதிக்கும் குறைவு. இருட்டியதும் மீண்டும் கீழே இறங்கின.

ஏன் இவ்வளவு மேலே ஏற வேண்டும்? பகலில் சிறகடிக்கும் தசைகளின் வெப்பத்தோடு வெயிலின் வெப்பமும் சேர்கிறது. குளிர்ந்த மேல்காற்றில் பறந்தால் உடல் சூடேறாமல் காக்கலாம். இதுவே ஆய்வாளர்கள் முன்வைக்கும் முக்கியமான விளக்கம்.

காற்றின் பங்கையும் சொல்ல வேண்டும். இலையுதிர் காலத்தில் சகாராவின் கீழடுக்குகளில் வடகிழக்கு வியாபாரக் காற்று வீசுகிறது. தெற்கே செல்லும் பறவைக்கு அது முதுகில் வீசும் காற்று. அந்த அடுக்கு வெப்பமும் வறட்சியும் மிக்கது. ஆனாலும் பறவைகள் அதைப் பயன்படுத்துகின்றன. வசந்தத்தில் திரும்பும்போது அதே காற்று எதிர்க்காற்று ஆகிவிடும். அப்போது சாதகமான காற்றைத் தேடி மேலே ஏறிவிடுகின்றன.

வழி காட்டுவது யார்?

பாடும் பறவைகளில் பல இரவில், தனித்தனியாகப் பறக்கின்றன. சில மாதங்களுக்கு முன் பிறந்த குஞ்சு, பெற்றோர் துணையின்றி முதல் பயணம் போகிறது. ஜெர்மனியில் கூண்டில் வளர்ந்த தோட்டக் கதிர்குருவிகளை 1970களில் எபர்ஹார்ட் க்வின்னரும் வொல்ஃப்காங் வில்ட்ஷ்கோவும் ஆராய்ந்தார்கள். வலசைக் காலம் வந்ததும் அவை கூண்டுக்குள்ளேயே இரவில் தென்மேற்கு நோக்கிப் படபடத்தன. சில வாரங்கள் கழித்துத் தென்கிழக்கு நோக்கித் திரும்பின. வெளியே உள்ள பறவைகள் ஆப்பிரிக்காவுக்குள் திசை மாற்றும் காலமும் அதுவே. எந்தப் பக்கம், எத்தனை நாள் என்பது பிறப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. புவியின் காந்தப்புலமும் இரவு வானின் விண்மீன்களும் திசைகாட்டிகளாக உதவுகின்றன.

நம் ஆசிரியர் சமூகத்துக்குப் பெருமை தரும் செய்தி ஒன்றும் உண்டு. பறவையின் காலில் வளையம் மாட்டி ஆராயும் முறையை ஒழுங்குபடுத்தியவர் டென்மார்க்கின் விபோர்க் நகரப் பள்ளி ஆசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் மோர்டென்சன். 1899இல் 165 ஸ்டார்லிங் பறவைகளுக்கு எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையங்களை மாட்டிப் பறக்கவிட்டார். இன்றைய கருவிகளுக்கெல்லாம் முன்னோடி அந்த வளையம்தான்.

பாலைவனத்தின் மறுகரை

சகாராவின் தென்விளிம்பில் உள்ள சாகேல் பகுதிதான் பல பறவைகளுக்கு மறுகரை. 1968இல் அங்கே மழை பொய்த்தது. அடுத்த வசந்தத்தில் பிரிட்டனுக்குத் திரும்பிய வெண்தொண்டைக் கதிர்குருவிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. ஒரு நாட்டின் தோட்டத்தில் பாடும் குருவி, இன்னொரு கண்டத்தின் மழையை நம்பி வாழ்கிறது. மத்தியதரைக் கடல் பகுதியில் வலை, பசை, துப்பாக்கி ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 1.1 கோடி முதல் 3.6 கோடிப் பறவைகள் வரை பலியாவதாக மதிப்பீடு உள்ளது. பாலைவனத்தைக் கடக்கும் திறமை மனிதனின் வலையிலிருந்து காப்பாற்றுவதில்லை.

வகுப்பறையில் செய்து பார்க்க

1. கணக்கு: பறவையின் வேகம் மணிக்கு 40 கி.மீ., தூரம் 1,800 கி.மீ. எத்தனை மணி நேரம்? 45. பின்னாலிருந்து 20 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால்? 30. எதிரே வீசினால்? 90. காற்று ஏன் உயிர்ப் பிரச்சினை என்பது ஒரே நிமிடத்தில் புரிந்துவிடும்.

2. புவியியல்: முதுகில் கட்டும் கருவிகளில் ஒரு வகை வெளிச்சத்தை மட்டுமே பதிவுசெய்யும். எடை ஒரு கிராமுக்கும் குறைவு. மறு ஆண்டு அதே பறவையைப் பிடித்துப் பதிவைப் படிப்பார்கள். சூரிய உதயத்துக்கும் மறைவுக்கும் நடுநேரம் தீர்க்கரேகையைத் தரும். ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்பது நம் பாடத்தில் உள்ளதுதான். உதயம் கிரீன்விச் நேரப்படி காலை 5.20, மறைவு மாலை 5.20 என்றால் நடுப்பகல் 11.20. வித்தியாசம் 40 நிமிடம், ஆகவே பறவை ஏறக்குறைய 10 பாகை கிழக்கில் இருக்கிறது. பகலின் நீளம் அட்சரேகையைத் தரும். “செப்டம்பர் 23ஐ ஒட்டிய நாட்களில் இந்த முறை அட்சரேகையைச் சரியாகக் காட்டாது. ஏன்?” என்று கேளுங்கள். அன்று உலகெங்கும் இரவும் பகலும் ஏறக்குறைய சமம் என்று யாராவது ஒரு மாணவர் கண்டுபிடித்துவிடுவார்.

3. நம் ஊர்: அக்டோபர் முதல் மார்ச் வரை பள்ளி வேலியில் ‘டக், டக்’ என்ற ஒலி கேட்டால் உற்றுப் பாருங்கள். பிளைத் நாணல் கதிர்குருவியாக இருக்கலாம். அதன் இனப்பெருக்க இடங்கள் பின்லாந்திலிருந்து மத்திய ஆசியா வரை பரவியுள்ளன. முதலில் கண்ட நாளையும் கடைசியாகக் கண்ட நாளையும் மாணவர்கள் ஆண்டுதோறும் குறித்துவைக்கட்டும். சில ஆண்டுகளில் அது நம் பள்ளியின் சொந்த ஆவணமாகிவிடும்.

சுவர் இதழில் ஒரு கோடு

எட்டாம் வகுப்புக்கு மீண்டும் போனேன். “அன்று நான் சொன்னது தவறு” என்று தொடங்கி, மேலே எழுதியதையெல்லாம் இரண்டு பாடவேளைகளில் சொன்னேன். என் கவலை முழுவதும் அந்த மாணவியைப் பற்றியே இருந்தது. அவள் முதன்முதலாக எழுதியது, அதுவும் என்னை நம்பி எழுதியது. வகுப்பு முடிந்ததும் அருகில் வந்தாள்.

“அதைக் கிழிச்சிடட்டுமா டீச்சர்?”

“நீயே முடிவு பண்ணும்மா” என்றேன்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். தாளைக் கிழிக்கவில்லை. முதல் வாக்கியத்தின் மேல் அளவுகோல் வைத்து ஒரு கோடு. கீழே இன்னொரு தாள் ஒட்டியிருந்தாள். அதில் செல் சுவாசச் சமன்பாடு. இந்த முறை ‘நீர்’ என்ற சொல்லைச் சுற்றி வட்டம். இரண்டாவது வாக்கியத்தின் மேல் பாதி வரை மட்டும் கோடு போட்டு, பக்கத்தில் சிறிய எழுத்தில் எழுதியிருந்தாள்: ‘சில பறவைகளுக்கு இது சரி. டீச்சருக்குப் பாதி மதிப்பெண்.’

பிள்ளைகள் நின்று படித்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன் பிறகு அந்த வகுப்பில் கேள்வி கேட்கும் கைகள் கூடியிருக்கின்றன. எனக்குத் தெரியாத கேள்வி வந்தால், “நாளைக்குப் படித்துவிட்டு வந்து சொல்கிறேன்” என்கிறேன். கரும்பலகையின் ஓரத்தில் அந்தக் கேள்வியை அவர்களே எழுதிவைக்கிறார்கள். விடை சொல்லும் வரை அழிப்பதில்லை.